வார்டுக்கு வந்த வாசல்

அத்தியாயம் 14

ஜன்னலைத் துடைக்க ஸ்டூலில் ஏறி, விழுந்து, இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்ட அம்மாவுக்கு, ஜன்னலே இல்லாத வார்டில் படுக்கை கிடைத்தது என்பதைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் அறிவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு மீதியையும் சொல்லிவிடலாம். பழையவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுக்கவும்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. தகடு வைத்து, திருகு போட்டு, எலும்பைச் சேர்த்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்த பிறகுதான் வினை. அம்மாவுக்குப் பகலும் இரவும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. சாப்பாட்டு வேளையில் தூங்கினாள். ஊர் தூங்கும் வேளையில் தையல் மெஷின் எங்கே என்று கேட்டாள். மகனை ஒருநாள் மகன் என்றாள், ஒருநாள் கரண்ட் ஆபீஸ் ஆள் என்றாள். பக்கத்திலேயே பழியாகக் கிடந்த கணவரை மட்டும் எல்லா நாளும் ஒரே மாதிரி கூப்பிட்டாள்.

"சார்."

அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயிரக்கணக்கான பேர் அவரை நடுங்கிக்கொண்டே சார் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அது அவருக்கு உறுத்தியதில்லை.

"வயசானவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் இந்தக் குழப்பம் வர்றது உண்டு," என்றார் டாக்டரம்மா. "இந்த வார்டும் ஒரு காரணம். இங்க காலைன்னு ஒண்ணும் கிடையாது, சாயங்காலம்னு ஒண்ணும் கிடையாது. மூளைக்கு எதைப் பிடிச்சுக்கறதுன்னு தெரியலை."

வார்டு அப்படித்தான் இருந்தது. ஒரு காலத்தில் அதற்கும் ஜன்னல்கள் இருந்தன. ஆஸ்பத்திரி வளர வளர, ஒவ்வொரு பக்கமும் ஒரு கட்டிடம் வந்து ஒட்டிக்கொள்ள, ஜன்னல்கள் இருந்த இடமெல்லாம் சுவராகிவிட்டது. கட்டிடத்தின் வயிற்றுக்குள் வார்டு மாட்டிக்கொண்டது. டியூப்லைட்டுகள் மட்டும் எந்நேரமும் ஒரே மூஞ்சியுடன் எரிந்தன.

அதற்கு மருந்தாகத்தான் ஆஸ்பத்திரியில் ஒரு புது ஏற்பாடு செய்திருந்தார்கள். சில படுக்கைகளுக்கு மேலே கூரையில் வெளிச்சப் பலகைகள். காலையில் வெள்ளை வெளேரென்று, மத்தியானம் கண் கூசுகிற மாதிரி, சாயங்காலம் தேன் நிறத்தில், இரவில் அடக்கமாக. கூடவே சுவரில் சட்டம் போட்ட ஒரு பெரிய திரை. பார்த்தால் ஜன்னல் மாதிரியே இருக்கும். போன வாரம் அம்மாவின் படுக்கையை அந்தப் பக்கம் நகர்த்தினார்கள்.

வெளிச்சம் வேலை செய்ய ஆரம்பித்தது. அம்மா இரவில் தூங்கத் தொடங்கினாள். காட்சிகள்தான் காலை வாரின.

திரையைக் கொண்டுவந்து மாட்டிய கம்பெனி, கூடவே கொடுத்த முதல் காட்சி பனிமலை. அம்மா அதைப் பார்த்த மாத்திரத்தில், "யாருப்பா ஜன்னலைத் திறந்து வச்சது? ஆளைக் கொல்றதுக்கா?" என்று கேட்டு மூன்றாவது போர்வையையும் வாங்கிக்கொண்டாள். இரண்டாவது காட்சி அருவி. அதை ஓடவிட்ட நாளில் அந்த வரிசை முழுவதும் பெட்பேன் கேட்டது. "ஒண்ணு அருவியை நிறுத்துங்க, இல்லாட்டி எனக்கு இன்னொரு ஆளைப் போடுங்க," என்று ஆயாம்மா நேராக டாக்டரம்மாவிடமே போய் முறையிட்டாள்.

இந்த இடத்தில்தான் லைட்டு உள்ளே நுழைந்தான்.

லைட்டு என்பது அந்த வீட்டின் கடைசிப் பிள்ளை. நாடகக் குழு ஒன்றில் விளக்கு அமைப்பாளன். மேடையில் நிலா வேண்டுமென்றால் நிலா, தீப்பிடிக்க வேண்டுமென்றால் தீ. அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கச் சொன்ன அப்பாவிடம், "எனக்கு லைட்டுதான்" என்று அவன் சொன்ன நாளோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நின்றது என்றால் முழுசாக அல்ல. எல்லாப் பேச்சும் அம்மா வழியாகப் போய் வந்தது. "உன் பையனுக்கு வீட்டுக்கு வர்ற நேரம்னு ஒண்ணு இருக்கான்னு கேளு," என்பார் அப்பா, பையன் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே. "இருக்குன்னு சொல்லும்மா," என்பான் அவன். அம்மா மெஷினை மிதித்தபடி இரண்டையும் வாங்கிக்கொள்வாள். எதையும் திருப்பிச் சொன்னதில்லை. சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடும்.

அம்மா படுத்த பிறகு அந்த உத்தியோகம் வார்டு சிஸ்டருக்கு வந்தது.

"சிஸ்டர், அவனைப் போய்ச் சாப்பிடச் சொல்லுங்க."

"சிஸ்டர், அவர் சாப்பிட்டாரான்னு கேளுங்க."

"நான் நர்ஸா, தபால் பெட்டியா?" என்றார் சிஸ்டர். "ரெண்டு பேருக்கும் வாய் இருக்கில்ல?"

இருந்தது. இருவரும் அதைக் கொண்டு பேசாமல் இருந்தார்கள்.

லைட்டுவின் யோசனை சுலபமானது. பனிமலையும் அருவியும் யாருக்கோ ஜன்னலாக இருக்கலாம். அம்மாவின் ஜன்னல், வீட்டில் தையல் மெஷினுக்கு எதிரே இருப்பது. அதன் வழியாகத் தெரிவதை விடிகாலையிலிருந்து இருட்டும்வரை அப்படியே படமெடுத்து, மறுநாள் அதே நேரத்துக்கு அந்தத் திரையில் ஓடவிட்டால்? டாக்டரம்மா சம்மதித்தார். மின்சாரப் பிரிவும் தலையாட்டியது. சிஸ்டர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

"அவங்களா பார்த்துக்கட்டும். ஆனா 'இது நிஜ ஜன்னலா'ன்னு கேட்டாங்கன்னா உண்மையைச் சொல்லிடணும். குழம்பி இருக்கறவங்ககிட்டப் பொய் சொல்லக்கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சிஸ்டர்."

நேற்று விடிவதற்குள், அப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போன பிறகு, கேமராவை வைத்தான். அம்மாவின் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று குனிந்து பார்த்துச் சரிசெய்தபோது, அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தும் அந்த ஸ்டூலில் தான் உட்கார்ந்ததே இல்லை என்பது அவனுக்கு உறைத்தது. இரும்பு கேட், அதைத் தாண்டித் தெரு, எதிரே இஸ்திரிக் கடை, அதற்கு மேலே ஒரு மாடி, பெயர் தெரியாத ஒரு மரம், அரைவாசி விளக்குக் கம்பம். இவ்வளவுதான் அம்மாவின் உலகம். கண்ணாடியில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

பிறகு நாடக வேலைக்குப் போய், இருட்டியதும் வந்து கேமராவை எடுத்தான். காலையும் மத்தியானமும் கொஞ்சம் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தான். முழுசாகப் பார்க்கவில்லை. ஒரு நாள் முழுக்க ஒரு தெருவை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள், அம்மாவைத் தவிர?

இதுவரை நடந்தது அது. இனி இன்று.

காலையில் அப்பா சவரம் செய்த முகமும் இஸ்திரி போட்ட சட்டையுமாக வந்து நின்றார். அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க சார். இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்களே, வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்ல மாட்டாங்க," என்று அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கூரை மெல்ல வெளுத்தது. திரையில் தெரு விடிந்தது. லைட்டு சுவரோரம் நின்று, கூரை வெளிச்சமும் தெரு வெளிச்சமும் ஒன்றாக ஏறுகின்றனவா என்று பார்த்தான். 

அம்மா வெகுநேரம் அதையே பார்த்தாள். திரைக்குள் சைக்கிளில் ஒருவர் வந்து, நிறுத்தாமலே கேட்டுக்குள் எதையோ வீசிவிட்டுப் போனார்.

"பார்த்தீங்களா சார்? பேப்பர்காரர். கேட்டுல சொருகிட்டுப் போங்கன்னு எத்தனை தடவை சொல்லியாச்சு. சேத்துலதான் போடுவேன்னு வேண்டுதல்." அம்மா கொஞ்சம் நிறுத்தினாள். "அப்ப விடிஞ்சிடுச்சு. டம்ளர்ல ஏதாவது குடுங்க, பசிக்குது."

விடிந்ததும் அவளாகச் சாப்பிடக் கேட்டது அதுதான் முதல் தடவை. சிஸ்டர் கஞ்சியைக் கொண்டுவந்த வேகத்தில் பாதி தட்டிலேயே சிந்தியது.

அடுத்து வந்தவர் பயிற்சியாளர். எலும்பு முறிந்தவர்களை எழுப்பி நிற்க வைக்கிற வேலை அவருக்கு. தினமும் வந்தார், தினமும் தோற்றுத் திரும்பினார்.

"அம்மா, இன்னிக்கு ஒரே ஒரு தடவை நிக்கலாமா? நான் பிடிச்சுக்கறேன்."

"அதெல்லாம் முடியாதுப்பா. தெரியாத ஆளைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்க நான் என்ன சர்க்கஸா காட்டறேன்? என் வீட்டுக்காரர் வரட்டும். அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கறேன்."

"அவர் எப்பம்மா வருவார்?"

"வேலைக்குப் போயிருக்கார். சாயங்காலம் வருவார்."

வேலைக்குப் போயிருந்தவர் கஞ்சித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

பயிற்சியாளர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். பின்னாலேயே போன லைட்டுவை டாக்டரம்மா வராந்தாவில் பிடித்துக்கொண்டார்.

"இப்படியே படுத்திருந்தா நெஞ்சுல சளி கட்டிடும் தம்பி. அதுக்கப்புறம் எலும்பு கூடினாலும் பிரயோஜனம் இல்லை. இன்னைக்கோ நாளைக்கோ அவங்க எந்திரிச்சு நின்னே ஆகணும். உங்கப்பாவை அவங்க எப்படியாவது அடையாளம் கண்டுக்கணும்."

அவன் திரும்பி வந்தபோது அப்பா அம்மாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். லைட்டு திரையின் வயரைச் சரிபார்க்கிற பாவனையில் குனிந்தான்.

"உங்க வீட்டுக்காரர் எப்படி? நல்லவரா?"

"நல்லவர்தான். கோவம்தான் மூக்கு மேல நிக்கும். கோவத்துல ஒண்ணு சொல்லிடுவார், அப்புறம் அதை எப்படித் திருப்பி எடுக்கறதுன்னு தெரியாம முழிப்பார். ரயில்ல எத்தனை பேரை இறக்கி விட்டிருப்பார்! ஏத்தி விட்டுப் பழக்கமில்லை, பாவம்."



"ஆனா ஒண்ணு சார்," என்றாள் அம்மா. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல பகல் நேரத்துல இப்படி என் பக்கத்துல உக்காந்ததே இல்லை. நீங்க உக்காந்திருக்கீங்க பாருங்க. உங்க வீட்ல இருக்கறவங்க குடுத்து வச்சவங்க."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

லைட்டுவுக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மாவின் மூளை குழம்பித்தான் இருந்தது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது தப்பே செய்யவில்லை. அவள் அறிந்த கணவர் சாயங்காலம் கேட்டைத் திறந்துகொண்டு வருகிறவர். பகல் முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் வேறு யாராகவோதான் இருக்க முடியும்.

மத்தியானம் திரையில் தெரு வெயிலில் காய்ந்தது. அம்மா ஒரு தூக்கம் போட்டு எழுந்தாள். இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியை விசிறுவதைப் பார்த்துவிட்டு, "கரி நமுத்துப் போச்சு போல," என்றாள். பக்கத்துப் படுக்கையில் இருந்த ஓய்வு பெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ் கழுத்தை நீட்டி, "எதிர் வீட்டு மாடியில கொடித்துணி காயுதே, யாரு அங்க இருக்கறது?" என்று விசாரித்தார். அருவியை விட அவருக்கும் இதுவே பிடித்திருந்தது. அருவியில் யாரும் துணி காயப்போடவில்லை.

நேற்று இதே மத்தியானத்துக்குப் பிறகு அம்மா, "போதும் சார், உங்களைத் தேடப் போறாங்க," என்று அப்பாவைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். இன்று அவர் போகவில்லை.

கூரை தேன் நிறத்துக்கு வந்தது. திரையில் மரத்தின் நிழல் தெருவைத் தாண்டி நீண்டது. லைட்டு கூரையின் ஓரப் பலகையில் வெளிச்சத்தை ஒரு பிடி இறக்கினான். அம்மாவின் போர்வையில் சாய்ந்த வெளிச்சம் விழுந்தது. சாயங்காலம் கச்சிதமாக வந்திருந்தது. மேடையாக இருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும்.

அப்போதுதான் திரையின் இடது மூலையிலிருந்து, தோளில் பையுடன், அப்பா நடந்து வந்தார்.

 படத்துக்குள் அப்பா வரவே கூடாது. அம்மா குழம்பிவிடுவாள் என்றுதான், 'நாளைக்குச் சாயங்காலம் கேட் பக்கமா வராதீங்க, பின்வழியா வாங்க' என்று தெளிவாகச் சொல்லியிருந்தான்.

யாரிடம் சொன்னான்?

முந்தாநாள் இதே படுக்கைப் பக்கத்தில் குனிந்து, "அம்மா, அப்பாகிட்டச் சொல்லிடு, நாளைக்குப் பின்வழியா வரச்சொல்லு," என்றது ஞாபகம் வந்தது. "சரிப்பா, சொல்லிடறேன்," என்று அம்மா தலையாட்டியதும் ஞாபகம் வந்தது. தகவலைக் கொண்டு சேர்க்க வேண்டியவளுக்கு நாளும் தெரியாது, அப்பாவையும் தெரியாது. இத்தனை வருஷப் பழக்கம், நாக்கு தானாகவே அந்தப் பாதையில் போய்விட்டது. உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் இந்தத் தப்பு நடந்திருக்க முடியாது.

அவன் திரையை அணைக்கக் கையை நீட்டினான்.

"அதோ!" என்றாள் அம்மா.

கை அப்படியே நின்றது.

திரைக்குள் அப்பா பூட்டிய கேட்டின் முன்னால் நின்றார். அந்த வீட்டில் கேட் சாவி அவர் ஒருவரிடம்தான். மற்றவர்களுக்குப் பின்வழி. முதல் வகுப்பு வாசல் அவருக்கு மட்டும் என்று அம்மா சொல்வாள். அவர் பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டார். இல்லை. இன்னொரு பாக்கெட். இல்லை. பையைத் திறந்து துழாவினார். மற்றவர்கள் பதற்றத்தோடு பாக்கெட்டைத் துழாவுவதைப் பார்த்துக்கொண்டே உத்தியோகம் பார்த்த மனிதர், தினமும் சாயங்காலம் சொந்த வீட்டு வாசலில் டிக்கெட் இல்லாத பயணி மாதிரி நின்றார்.

அம்மா முழங்கையை ஊன்றி எழும்பினாள். மெஷின் சத்தத்தைத் தாண்டித் தெருவுக்குக் கேட்க வேண்டிய குரலில் கத்தினாள்.

"உள் பாக்கெட்டுங்க! உள் பாக்கெட்!"

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

சாவி தொலையாமல் இருக்கட்டும் என்று அவருடைய எல்லாச் சட்டையிலும் நெஞ்சுக்கு உட்புறமாக ஒரு சின்னப் பாக்கெட் வைத்துத் தைத்தவள் அம்மா. அப்படி ஒரு பாக்கெட் இருப்பதையே தினமும் மறக்கிறவர் அப்பா. திரையில் இருந்தவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். நாற்காலியில் இருந்தவரின் கையும் அதே நேரத்தில் தானாக நெஞ்சுக்குப் போனது. அங்கே சாவி இருந்தது.

"பாருங்க, வந்துட்டார்!" அம்மாவின் முகத்தில் இத்தனை நாளும் இல்லாத வெளிச்சம். அதை எந்தப் பலகையும் கொடுக்கவில்லை. சட்டென்று பதறி நாற்காலிப் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க கிளம்புங்க. தப்பா எடுத்துக்காதீங்க. உங்களை இங்க பார்த்தார்னா அவர் வேற மாதிரி நினைச்சுப்பார். ரொம்ப உபகாரம் சார், போயிட்டு வாங்க."

 ஒரு வினாடி அப்பாவின் முகம் எதுவும் எழுதாத சுவர் மாதிரி இருந்தது. லைட்டு எதையாவது சொல்ல வாயைத் திறந்தான். அதை யார் வழியாகச் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டான்.

அப்பா எழுந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் சுவரோரம் தள்ளினார். கீழே இருந்த பையை எடுத்துக்கொண்டு வார்டுக் கதவைத் திறந்து வெளியே போனார்.

போய்விட்டார் என்றுதான் லைட்டு நினைத்தான்.

திரையில் கேட் திறந்தது. உள்ளே வந்தவர் காட்சியிலிருந்து மறைந்தார். அம்மா இப்போது கதவைப் பார்த்தாள். ஜன்னலில் தெரிந்தவர் அடுத்து வர வேண்டியது கதவு வழியாகத்தானே?

வார்டின் கதவு திறந்தது.

அப்பா நின்றார். பை தோளில் தொங்கியது. காலையில் வாரிய தலையைக் கையால் கலைத்துவிட்டிருந்தார். பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டார். இன்னொன்றில் விட்டார். பையைத் திறந்து துழாவினார். வாழ்க்கையில் ஒரு தடவைகூட மேடை ஏறாத மனிதர். லைட்டுவோடு வேலை பார்த்த எந்த நடிகனும் வாசலில் இவ்வளவு நேர்மையாக நின்றதில்லை.

"இந்தச் சாவி..." என்றார். 

"உள் பாக்கெட்டுங்க," என்றாள் அம்மா, சலிப்பாக. "எத்தனை வருஷமாச் சொல்றது?"

அவர் நெஞ்சுக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்துக் காட்டினார். "ஆமா. இருக்கு."

"இருக்காம எங்க போகும்? உள்ள வாங்க." அவர் கிட்டே வர வர அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீங்க? யாரு சமைக்கறா?"

"நானே."

"அதான்."

கதவோரம் எட்டிப் பார்த்த பயிற்சியாளரை சிஸ்டர் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினார். அவர் கால்பக்கம் நின்றார். அப்பா கையை நீட்டினார். அம்மா அதைப் பிடித்தாள். பல்லைக் கடித்தாள், ஒரு தடவை "ஐயோ" என்றாள், அவர் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டாள், நின்றாள்.

"விட்டுடாதீங்க."

"விட மாட்டேன்."

ஹெட்மிஸ்ட்ரஸ் தன் படுக்கையிலிருந்து, "முதுகை நிமித்து!" என்றார். பழக்கதோஷம். வார்டில் முடிந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

மறுபடி படுக்கையில் சாய்ந்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு சொன்னாள்: "பகல்ல ஒரு சார் வந்து உக்காந்திருந்தாருங்க. நல்ல மனுஷன். நாளைக்கும் வந்தா கோவிச்சுக்காதீங்க."

"கோவிச்சுக்கலை," என்றார் அப்பா. "தினமும் வரச் சொல்றேன்."

அதைக் கேட்டு அம்மா சிரித்தாளா இல்லையா என்பதில் சிஸ்டருக்கும் லைட்டுவுக்கும் அபிப்பிராய பேதம் உண்டு.

கூரை மங்கத் தொடங்கியது. அம்மா திரையையும், சட்டத்தையும், சட்டத்தின் கீழே எட்டிப் பார்த்த வயரையும் நிதானமாகப் பார்த்தாள்.

"ஏன்டா, இது நிஜ ஜன்னல் இல்லையே?"

சிஸ்டர் லைட்டுவைப் பார்த்தார்.

"இல்லைம்மா. நம்ம ஜன்னல்லேர்ந்து நான் எடுத்த படம். நேத்து எடுத்தது."

"அதான் பார்த்தேன். காலையிலேர்ந்து திறந்து கிடக்கு, ஒரு கொசுகூட உள்ள வரலை." அவள் நெற்றி சுருங்கியது. "நேத்து எடுத்ததுன்னா, நேத்து கொக்கு வந்திருக்காளே. நீங்க ரெண்டு பேரும் ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

கொக்கு என்பது மூத்த மகள். எங்கே நின்றாலும் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலால் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். அதனால் வந்த பெயர். அவள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட அன்று, "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று அப்பா சொன்னதும், அவள் மிதிக்காமல் போனதும், அதற்குப் பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்காததும் மூன்றாம் அத்தியாயத்தில் வந்தவை.

அம்மாவுக்கு மறுபடி குழப்பம் வந்துவிட்டது என்று நினைத்த லைட்டு, படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினான்.

கேட்டின் முன்னால் அப்பா பாக்கெட்டைத் துழாவினார். அவருக்குப் பின்னால், தெருவின் எதிர்ப்பக்கம், இஸ்திரிக் கடையை ஒட்டி ஒரு பெண் நின்றாள். ஒற்றைக் காலில். மற்றக் காலால் கணுக்காலைத் தேய்த்தபடி. அப்பா உள்ளே போன பிறகும் அவள் போகவில்லை. ஜன்னலையே பார்த்தாள். அதாவது கேமராவைப் பார்த்தாள். அதாவது இப்போது வார்டில் இருந்த தன் வீட்டு மூன்று பேரையும் பார்த்தாள். கழுத்தை நீட்டித் தேடினாள். ஒரு வேன் குறுக்கே போனது. அது போன பிறகு அங்கே யாரும் இல்லை.

"அவ அப்பப்ப வருவா," என்றாள் அம்மா. குரலில் எந்தக் குழப்பமும் இல்லை. "எதிர்ப்பக்கமே நிப்பா. வாசப்படியை மிதிக்காதேன்னுதானே சொன்னீங்க, தெருவை மிதிக்காதேன்னு சொல்லலையே. நான் மெஷின்ல உக்காந்து பார்ப்பேன். அவளும் பார்ப்பா. கையைக்கூட ஆட்ட மாட்டா, உங்க பொண்ணுதானே. கண்ணாடி அழுக்கா இருந்தா அவளுக்கு நான் சரியாத் தெரிய மாட்டேன்னுதான் அன்னிக்கு ஸ்டூல்ல ஏறினேன்."



"நான் விழுந்தது அவளுக்குத் தெரியாது. நேத்து வந்து பார்த்திருக்கா, ஜன்னல்ல ஆளைக் காணோம். என்ன நினைச்சிருப்பா?"

அப்பா திரையைப் பார்த்தபடியே இருந்தார். இஸ்திரிக் கடையை ஒட்டிய அந்த வெற்றிடத்தை. நேற்று அவர் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

லைட்டு பழக்கத்தில் சிஸ்டர் பக்கம் திரும்பினான். "சிஸ்டர், அவர்கிட்டச் சொல்லுங்க..."

"டேய்."

அந்த ஒற்றைச் சொல் நேராக அவனிடமே வந்தது. நடுவில் யாருமில்லை. அப்பா எழுந்து வந்து அவன் கையைப் பிடித்து, உள்ளங்கையில் சாவியை வைத்து மூடினார். அது அவர் நெஞ்சுச் சூட்டோடு இருந்தது.

"கேட்டைத் திறந்து வை. பூட்டாதே. உள்ள விளக்கைப் போடு, ஜன்னல் பளிச்சுன்னு தெரியணும். அது உனக்குத் தெரியும். போய் அம்மா ஸ்டூல்ல உக்காரு."

"வந்தா என்னப்பா சொல்லணும்?"

அப்பா வாயைத் திறந்தார். டிக்கெட் இல்லாதவர்களிடம் சொல்லச் சொற்கள் அவரிடம் நிறைய இருந்தன. இதற்கு ஒன்றுகூடக் கையில் அகப்படவில்லை. பாக்கெட் பாக்கெட்டாகத் தேடுகிறவர் மாதிரி நின்றார்.

"வாசப்படியை..." என்றார். "அப்பா கேட்டார்னு சொல்லு. உள்ள வரச் சொல்லு."

லைட்டு வராந்தாவில் ஓடினான். இன்றும் அவள் வருவாளா, அல்லது நேற்று வெறும் ஜன்னலைப் பார்த்துப் போனவள் அதோடு போய்விட்டாளா என்பது அவனுக்குத் தெரியாது. சாவியை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தான். பின்னாலிருந்து, கதவு மூடுவதற்குள், அம்மாவின் குரல் வார்டைத் தாண்டி வந்தது.

"ஏங்க, சாவியைத் தூக்கி அவன்கிட்டக் குடுத்துட்டீங்களே, அவன் சட்டையில உள் பாக்கெட் இல்லையே!"